புளியங்கொட்டைக் கணக்கு

சீட்டாட்டத்தைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதா என்று எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ரம்மியும் மூன்று சீட்டும் பார்த்துப் பழகுகிறவை. ஆடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கற்றுக்கொள்பவை. போக்கரைச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் அகப்படவில்லை. ஆகவே, இலக்கியம் பேசவென்று கூடும் நாங்கள் நால்வர் (இருவர் பெரம்பலூர், இருவர் அரியலூர்) டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'தி தியரி ஆஃப் போக்கர்' (1987), டான் ஹாரிங்டனும் பில் ராபர்ட்டியும் எழுதிய 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்' முதல் பாகம் (2004) ஆகிய இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காசு கூடாது என்பது எங்கள் முதல் விதி. பல்லாங்குழிக்கென்று டப்பாவில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பங்கிட்டுக்கொண்டோம்.

முதல் வியப்பு ஆட்டம் தொடங்குமுன்பே வந்தது. மூன்று சீட்டில் வரிசை, கலரை வெல்லும். போக்கரில் கலர், வரிசையை வெல்லும். ஏன் இந்தத் தலைகீழ்? எண்ணிப் பார்த்தோம். 52 சீட்டுகளிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். ஒரே கலரில் அமையும் வரிசைகளைத் தனியே ஒதுக்கிவிட்டால், அவற்றில் வரிசை 720, கலர் 1,096. ஐந்து சீட்டு என்றால் மொத்தம் 25,98,960. வரிசை 10,200, கலர் 5,108. அரிதானதே உயர்ந்தது, அவ்வளவுதான். சிறு வயது முதல் வேதவாக்காகக் கேட்டுவந்த ஒரு விதிக்குப் பின்னால் இப்படியொரு எண்ணிக்கை இருந்திருக்கிறது.

நாங்கள் படித்த ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியம். நடுவில் ஐந்து சீட்டு அனைவருக்கும் பொது. கையில் வரும் இரட்டைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்ததுமே கவிழ்த்துவிடு என்கின்றன புத்தகங்கள். ரம்மியில் 'ஸ்கூட்' விடுவோமே, அதைப்போல. இரண்டும் ஏஸாக வருவது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறைதான். ஆக, கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை ஆடாமல் இருப்பது.

அடுத்ததுதான் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம். பொதுச் சீட்டில் நான்கு விழுந்துவிட்டன, ஒன்று பாக்கி. நம்மிடமும் நடுவிலுமாகச் சேர்த்து இஸ்பேட் நான்கு இருக்கின்றன. ஐந்தாவது வந்தால் ஜெயம், வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அவற்றில் இஸ்பேட் 9. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 80 கொட்டை கிடக்கிறது. எதிராளி மேலும் 20 வைக்கிறார். நாம் 20 வைக்கலாமா? 20 கொடுத்தால், வென்றால் 100 கிடைக்கும். ஆறில் ஒருமுறை வென்றாலே கட்டுப்படியாகும்; நமக்கோ ஐந்தில் ஒன்று இருக்கிறது. ஆகவே வைப்பதே சரி. ஆனால் ஐந்தில் நான்கு முறை தோற்போம்!

தோற்கப்போகிற முடிவு சரியான முடிவாக இருக்கலாம் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. முடிவு வேறு, விளைவு வேறு என்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம். எங்கள் மானாவாரிக் காடுகளில் இது அன்றாடக் கதை அல்லவா? மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ போட்டவருக்கு விலை கிடைத்தால் ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்கிறது. மழை பொய்த்தால் புத்தி கெட்டவர் என்கிறது. விதைத்த நாளில் அவர் போட்ட கணக்கை யாரும் கேட்பதில்லை.

ஆனால் இங்கேதான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு மெய்ப்பட வேண்டுமானால் ஆட்டம் ஆயிரக்கணக்கில் தொடர வேண்டும். அதுவரை தோல்வியைத் தாங்கக் கை இருக்க வேண்டும். கொட்டை தீர்ந்தால் டப்பாவிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டோம். விவசாயிக்கு அந்த டப்பா இல்லை. கடன் வாங்கி ஆடுகிறவருக்கும் இல்லை. போதாததற்கு, ஆட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் தம் பங்கை உருவிக்கொள்கிறார்.

சட்டம் நெடுங்காலமாகக் கேட்டுவருவது வேறு கேள்வி: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதற்கு எதிர் உதாரணமாகக் காட்டியது மூன்று சீட்டைத்தான். தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்களே என்று அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. திறமை உண்டு என்பதைப் புத்தகங்கள் எங்களுக்கு ஐயமறக் காட்டிவிட்டன. திறமை இருப்பதாலேயே ஒரு குடும்பம் பிழைத்துவிடாது என்பதையும் அதே கணக்குதான் காட்டுகிறது.

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை'யில், அழிவதையும் ஆவதையும் பின்னால் வரும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்கச் சொல்கிறார். ஸ்க்லான்ஸ்கி கேட்டால் தலையாட்டியிருப்பார். 'சூது' அதிகாரத்திலோ, ஒன்றைப் பெற்று நூறை இழக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் முரண் என்றே முன்பு தோன்றும். இப்போது, முதலாவது ஒரு கையைப் பற்றியது, இரண்டாவது அந்தக் கையை உடையவனைப் பற்றியது என்று படுகிறது.