குன்லுன் மலையிலிருந்து கிளம்பிய குப்பி

குன்லுன் மலையின் பனி கோடையில் உருகி இறங்கும்போது, சீனாவின் மேற்கு எல்லையிலுள்ள கோத்தான் நகரை ஒட்டிய வெள்ளை ஜேட் ஆறும் கறுப்பு ஜேட் ஆறும் ஜேட் கூழாங்கற்களை உருட்டி வருகின்றன. வெள்ளம் வடிந்ததும் கல் பொறுக்குவது அங்கே பழங்காலத் தொழில். 1759-இல் இப்பகுதி சிங் பேரரசர் சியன்லுங்கின் கைக்கு வந்தபின், நல்ல கல் ஏராளமாகக் கிழக்கே போயிற்று. ஜேட் மூக்குப்பொடிக் குப்பிகள் பெருகியதும் அதன் பிறகுதான்.

பொடி, ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம். அவர்கள் அதை டப்பியில் வைத்தார்கள். சீனர்கள் ஈரம் புகாத சிறு குப்பியில் அடைத்தார்கள். மூடியோடு ஒட்டிய தக்கையில் குட்டிக் கரண்டி ஒன்று தொங்கும்.

கல் போய்ச் சேர்ந்த இடங்களில் சூச்சோ முக்கியமானது. அந்நகரின் சுவான்சூ சந்து ஜேட் வேலைக்குப் பெயர் பெற்றது. ஜேட்டைச் செதுக்குவதாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது தேய்ப்பு வேலை. கத்தி முனை கீறாத அந்தக் கல்லை, காலால் மிதித்துச் சுழற்றும் கருவியும் ஈரமான கடின மணலும் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்தார்கள். விரல் நுழையாத வாய் வழியே வளைந்த கருவியை விட்டு உள்ளே குடைந்ததுதான் பெரிய சாதனை. மிக நன்றாகக் குடைந்த கல் குப்பி தண்ணீரில் மிதக்கும்!

குப்பிகளில் இழைத்த உருவங்களின் பொருள் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் சீனத்தில் ஒரே ஒலி: ‘ஃபூ’. ஐந்து வௌவால்கள் என்றால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறப்பற்று, நல்ல சாவு என்னும் ஐந்து பேறுகள். மீன் ‘யூ’, மிகுதியும் ‘யூ’. குதிரைமேல் குரங்கு இருந்தால் விரைவில் உயர்பதவி கிட்டட்டும் என்ற வாழ்த்து. விதை நிறைந்த சுரைக்காய் வம்சம் தழைக்க. அது ஒலியால் அல்ல, உருவத்தால் வந்த பொருள்.

கூழாங்கல்லின் பழுப்புத் தோலையும் கைவினைஞர் வீணாக்கவில்லை. வெள்ளைக் கல்லில் தோல் படிந்த இடமே வௌவாலாகும், குரங்காகும். எதைச் செய்வது என்பதைப் பாதி கல்லே முடிவு செய்தது. இந்தக் கலையின் உயர்வு அதில்தான்.

ஒரு கோடும் இழைக்காத வெண்குப்பிகளும் உண்டு. அவையும் வாழ்த்துத்தான்: குப்பி ‘பிங்’, அமைதியும் ‘பிங்’.