ரோக் நதியில் மோட்டார் எதுவரை?

ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கஸ்கேட் மலைத்தொடரில் ஊற்றெடுக்கிறது ரோக் நதி. சுமார் 215 மைல் ஓடி, கோல்ட் பீச் என்னும் சிற்றூரருகே பசுபிக் சமுத்திரத்தில் கலக்கிறது.

கடல்முகத்திலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து மேலே சென்றால் அக்னஸ் என்றொரு கிராமம். பாதை இல்லாத காலத்தில் அங்கே ஒரு கடிதம் போய்ச் சேர ஆறுதான் வழி. 1895இல் தபால் வள்ளம் ஓடத் தொடங்கியது. துடுப்பு வலித்தும், கழி ஊன்றியும் நாட்கணக்கில் போவார்கள். பிறகு மோட்டார் வந்தது. அதன் பின்னர் ஜெட் படகு. இதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியால் நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சும். அந்த உந்தலில், முழங்காலளவு நீரில்கூட ஓடிவிடும்.

அதற்கும் மேலே போகவிடாமல் தடுத்தவை பாறைகள். கிளென் வூல்ட்ரிஜ் என்ற படகோட்டி 1915இல் கிராண்ட்ஸ் பாஸ் நகரிலிருந்து கடல்வரை வள்ளத்தில் இறங்கினார். பின்னர் இடைஞ்சலான பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார். 1947இல் மோட்டார்ப் படகில் கடலிலிருந்து கிராண்ட்ஸ் பாஸ்வரை எதிர்த்து ஏறியும் காட்டினார். பாறை போட்ட தடை நீங்கிவிட்டது. இனி மனிதர்தான் தடை போட வேண்டும் என்றாயிற்று.

1968இல் அமெரிக்கா எட்டு நதிகளைச் சட்டத்தால் பாதுகாத்தது. அவற்றுள் ரோக் ஒன்று. அதில் 84 மைல் பாதுகாக்கப்பட்டது. நடுவே சுமார் 34 மைல் 'வன நதி' என வகுக்கப்பட்டது. கோடையில் ஜெட் படகுகள் கடலிலிருந்து பிளொஸம் பார் வரைதான் வரலாம். அங்கிருந்து மேலே கிரேவ் கிரீக் வரை துடுப்பு மட்டுமே.

வன நதியின் கீழ்க்கோடியில் சில மைல்களுக்கு மோட்டார்ச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. இது அரைகுறைச் சட்டம் என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தபால் வள்ளம் சட்டத்துக்கு முந்தியது. தவிரவும், நாலு நாள் துடுப்பு வலிக்க இயலாத ஒரு மூதாட்டியும், கால் வழங்காத ஒரு பிள்ளையும் அந்தப் பள்ளத்தாக்கைக் காண்பது ஜெட் படகினால்தானே? ஆறு முழுவதையும் திடகாத்திரமானவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட முடியுமா? ஆனால் பிளொஸம் பாருக்கு மேலேயும் மோட்டாரை விட்டால், அமைதிக்கென்று மிஞ்சும் இடம் எதுவுமில்லை.

துடுப்புக்காரருக்கும் கட்டற்ற சுதந்திரம் கிடையாது. மே 15 முதல் ஒக்டோபர் 15 வரை நாளொன்றுக்கு 120 பேர்தான் வன நதிக்குள் இறங்கலாம். தனியார் குழுக்களுக்குக் குலுக்கலில் அனுமதி. அடுப்பு மூட்டினால் தட்டில்தான் மூட்ட வேண்டும். சாம்பலையும் சுமந்து வர வேண்டும். அதுமட்டுமா, மலக் கழிவும் கரையில் தங்கக் கூடாது. அதற்கென மூடிய பாத்திரம் ஒன்று, சமையல் சாமான்களோடு சாமானாக, கடைசித் துறைவரை வள்ளத்திலேயே பயணம் செய்கிறது.