தோலுக்கு எவ்வளவு கழிக்கிறது?

அன்றாட வேலைகள் முடிகிறதா என்று கேட்டு, படையை அளந்து, அந்த எண்களை வைத்தே ஒரு ஆளோட வாழ்க்கை எவ்வளவு தேறும்னு சொல்லிவிட ஒரு கணக்கு இருக்கிறது. சொரியாசிஸ் மூட்டுவாதம் வந்தவர்களுக்கானது. தோலில் செதில் செதிலாகப் படை, மூட்டு வீக்கம், நகத்தில் குழி. சில விரல் முழுசாகவே தடித்துப்போகும். என் அக்காவுக்கு இதுதான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் அவள். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குக் கணக்கு எதுக்கு என்பீர்கள். அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 1980இல் வெளியான ஹெச்.ஏ.க்யூ. கேள்வித்தாள், அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும். 1978இல் வந்த பாசி, படையின் சிவப்பு, தடிப்பு, செதில், பரவல் பார்த்து 0 முதல் 72 வரை போடும். விலை கூடிய ஊசி மருந்துகளை அரசு செலவில் கொடுக்கலாமா என்று 2010இல் இங்கிலாந்தில் முடிவெடுத்தபோது, யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே மதிப்பாக மாற்றினார்கள். 0.897இல் தொடங்கு. ஹெச்.ஏ.க்யூ. புள்ளி ஒன்றுக்கு 0.298 கழி. பாசி புள்ளி ஒன்றுக்கு 0.004 கழி. மிச்சம்தான் வாழ்க்கை. 1 என்றால் முழு ஆரோக்கியம், 0 என்றால் சாவு.

பாசி பத்தைத் தாண்டினாலே கடுமை என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்துக்கு இந்தக் கணக்கில் கழிவது 0.04. உடம்பெல்லாம் படையாகி 72ஐத் தொட்டாலும் 0.288தான். காரணம் இருக்கிறது. எந்த மதிப்பாக மாற்றினார்களோ அந்த இ.க்யூ.-5டி ஐந்தைத்தான் கேட்கும்: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலை, வலி, மனக்கலக்கம். தோலைப் பற்றிக் கேள்வியே கிடையாது. 2022இல் இந்தியர்களைக் கேட்டு இந்தியாவுக்கான மதிப்புகள் வந்துவிட்டன. கேள்வி அதே ஐந்துதான்.

பாசியிலும் சிவப்பைத் தேட வேண்டும். அக்காவின் கறுப்புத் தோலில் படை அப்படிச் சிவக்காது. கருநீலமாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். 0.004ஆல் பெருக்கும் முன்னாடியே எண் குறைந்துவிடும்.

தோலைக் கேட்கிற தாளும் இருக்கிறது. 1994இல் கார்டிஃபில் உருவான டி.எல்.க்யூ.ஐ., பத்துக் கேள்வி. "போன ஒரு வாரத்துல தோலால எவ்வளவு கூச்சப்பட்டீங்கம்மா?" என்று இளம் டாக்டரம்மா கேட்டார். "எந்தத் தோல கேக்குறீங்க மேடம்? இப்ப வந்ததா, பொறந்தப்ப வந்ததா?" என்றாள் அக்கா. டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு 'கொஞ்சம்' என்பதில் டிக் அடித்தார். வேறு கட்டம் அதில் இல்லையே, அவர் என்ன செய்வார்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சட்டம் இருக்கிறதே. கையில் படை வந்ததும் காரணம் கிடைத்துவிட்டது. "அது ஒட்டுவாரொட்டி, அவ கை பட்ட சோத்த எம்புள்ள துண்ணாது." சொரியாசிஸ் தொத்தாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அமைப்பாளர் மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு, "கொஞ்ச நாளைக்கு பாத்திரம் மட்டும் கழுவும்மா" என்றார்.

வீங்கின விரலோடு அண்டா கழுவினாள். மூட்டு மோசமானது, ஹெச்.ஏ.க்யூ. ஏறியது. தோலைச் சொல்லி சாதி செய்த வேலை மூட்டின் பேரில், 0.298 வீதம் கழிந்தது. இந்தக் கணக்குப் போட்டவர்களுக்கு இது தெரிய வழியில்லை. 2002இல் இந்தியாவுக்கென்று மாற்றிய ஹெச்.ஏ.க்யூ.வில் குந்தி உட்கார்வதும் ஆட்டோவில் ஏறி இறங்குவதும் உண்டு. யார் எந்த வேலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது அதிலும் கிடையாது.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாட்டி மருந்து கேட்க வாயில்லை. மூட்டு, தோல், வலி கேட்கிற அதே தாளில், நோயைச் சொல்லி உன்னை யார் எங்கே ஒதுக்கினார்கள் என்றும் கேட்டு எழுதணும் என்கிறேன்.

வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டதில் அக்காவுக்கு வீக்கம் வடிந்திருக்கிறது. ஹெச்.ஏ.க்யூ. 1.5இலிருந்து 0.75க்கு இறங்கியது. கணக்குப்படி வாழ்க்கை 0.22 ஏறியிருக்கிறது. சமையலுக்குத் திரும்ப விடச் சொல்லி மனு கொடுத்து நாலு மாசமாகிறது. இன்னும் பாத்திரம்தான் கழுவுகிறாள்.