வெள்ளைக் கோட்டின் மேலே

ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் அப்பாயிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. காவிச் சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிடுவாள். வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேற்றம். அதற்குள் தஞ்சாவூரிலிருந்து நடந்தே போய்ச் சேர வேண்டும். நான் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது அவள். நடந்தது அவளோடு நானும் அப்பாவும்.

மாதா சுரூபத்தைப் பூவால் மூடி மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, குழாய் ஸ்பீக்கரும் பேட்டரியுமாகத் தெருவே கிளம்பும். விடியலிலும் இரவிலும்தான் பெரும்பாலும் நடை. வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும் அத்தனை சுடாது என்று கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள் நாங்கள்தான். அதன்மேலேயே வரிசையாகப் போவோம். கோடு அழிந்த இடத்தில் ஓட்டம்.

நீடாமங்கலம் வருவதற்குள் குதிகாலில் கொப்புளம். அப்பாயி அதை உடைக்க விடமாட்டாள். ஊசியில் நூல் கோத்து, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரு முனையையும் கத்தரித்துவிடுவாள். நீர் நூல்வழியே கசிந்து தோல் படிந்துவிடும். அப்பாவுக்கும் அதே வைத்தியம்தான். வீட்டில் அதட்டும் குரலிலேயே பேசுகிற மனுஷன், புளியமரத்தடியில் அவள் மடியில் காலை நீட்டி, "மெதுவாம்மா, மெதுவா" என்று கெஞ்சியதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் எலுமிச்சைச் சாதம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு. எங்களோடு காவி கட்டி நடந்தவர்களிலும் ஞானஸ்நானம் வாங்காதவர்கள் உண்டு. யாரும் யாரையும் கேட்டதில்லை.

கீழ்வேளூர் மோர்ப்பந்தலில் உட்கார்ந்தால் அப்பாயி வேளாங்கண்ணி நடுத்திட்டுக் கதையைத் தொடங்கிவிடுவாள். கால் ஊனமான பையன் மோர் விற்கிறான். கைக்குழந்தையோடு வந்த மாதா மோர் கேட்கிறாள். நாகப்பட்டினம் போய்ச் சொல்லி எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். அவன் எழுந்து ஓடுகிறான்.

"அவ்வளவு தூரம் ஓடினவனுக்குக் கொப்புளம் வரலையா அப்பாயி?"

"மாதா குணமாக்கின காலுடா அது, வருமா? குடிச்சிட்டு நட."

வேளாங்கண்ணியில் எனக்கு ஞாபகம் இருப்பது கூட்டமும், மாதா குளம் போகும் மணலில் முழங்காலிட்டுப் போகிறவர்களும், வறுத்த மீன் வாசனையும்தான். திரும்பும்போது பஸ். நாங்கள் நாள்கணக்கில் நடந்த ரோடு மதியத்துக்குள் முடிந்துபோனதில் எனக்கு ஒரே எரிச்சல். ஜன்னலோரம் அப்பாயி ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டே வந்தாள்: இங்கேதான் புளிச்சோறு, இங்கே மோரில் உப்பு பத்தலை, இந்தத் திண்ணையில்தான் உங்கப்பன் விட்ட குறட்டையில் ஒருத்தரும் தூங்கலை.