எங்கள் வீட்டு இட்லிப் பூச்செடி

2 வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துத் தந்த இட்லிப் பூக் குச்சியை வாசலில் நட்டேன். இப்போது என் இடுப்பு உயரம். கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பூ. பூவின் குழாய் ரொம்ப நீளம். அடியில் இருக்கும் தேன், நீளமான உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட ஒன்று தினமும் காலையில் வரும். அது என் செல்லம்.

போன மாதம் எங்கள் கறிவேப்பிலைச் செடி முழுக்கப் பச்சைப் புழு. தொட்டால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். "இலையெல்லாம் மொட்டையாப் போச்சுடா, எடுத்துப் போடு" என்றார் அம்மா. 11 புழுவையும் செருப்பால் தேய்த்தேன். பெரிய வீரன்!

மறுநாள் அதே கறுப்புப் பட்டாம்பூச்சி கறிவேப்பிலைத் தளிரில் வாலை வளைத்து முட்டை வைத்தது. எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. அறிவியல் சாரிடம் கேட்டேன். "நீ தேய்ச்சது அதோட பிள்ளைங்கதான்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுவரோரக் கிளை அதுங்களுக்கு. மத்தது ரசத்துக்குப் போதும்" என்றார்.

இன்று அந்தக் கிளையில் 3 இருக்கின்றன. குட்டியாக இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். தட்டி விட்டுடாதீங்க!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு