காலடிப்பேட்டையில் ஓர் ஈத்து

பட்டினப்பாலை நடத்தும்போது காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை வருணனை வந்தவுடன் என் வகுப்பில் ஓர் உயிர் வரும். புலி முத்திரை பொறித்த மூடைகள் மலைபோல் குவிந்துகிடக்க, கூரிய நகமுடைய ஆண் நாய்கள் ஆட்டுக்கிடாய்களோடு அவற்றின்மேல் ஏறித் துள்ளுகின்றன. என் மாணவர்களில் பலருடைய தந்தையர் துறைமுகத்திலோ எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளிலோ வேலை பார்ப்பவர்கள். மூடையும் கிடங்கும் முத்திரையும் அவர்களுக்குப் புதிதல்ல. சென்ற ஆண்டு ஒருவன் எழுந்து, "சார், அது என்ன பிரீடு?" என்று கேட்டான். உருத்திரங்கண்ணனார் 'ஞமலி' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்; இனப்பெயர் தரவில்லை. கேள்வி மட்டும் என்னோடு காலடிப்பேட்டை வரை வந்தது. அங்கே அதை யாரிடம் சொல்லலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அண்ணன் என்றே அழைப்பேன். முப்பது ஆண்டுகளாக ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். முற்றமுள்ள பழைய ஓட்டு வீடு, இரண்டு பெட்டை, ஒரு கடுவன், அவ்வளவுதான். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஈத்து எடுப்பார். அதில் அவர் சம்பாதித்ததைவிட வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்வந்த ஆட்டோ வாடகை அதிகமாக இருக்கும்.

ராஜபாளையம் நாயைப் பற்றி வாசகர்கள் ஓரளவு அறிந்திருப்பீர்கள். தோள் வரை இரண்டரை அடியை எட்டும் உயரம், பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்தெடுத்த நாய். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. காவல் மட்டும் மிஞ்சியது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இதன் பெயரைச் சொன்னார். அந்த வாரம் அண்ணனின் கைபேசி ஓயவில்லை. "குட்டி இருக்கா?" என்று கேட்டவர்களில் ஒருவரும் "இது எவ்வளவு தூரம் ஓடும், எவ்வளவு சாப்பிடும்?" என்று கேட்கவில்லையாம்.

சிக்கல் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

உட்செவியில் ஒலியை உணரும் அணுக்கள் உயிரோடிருக்க, அவற்றுக்குப் பக்கத்தில் நிறமி அணுக்கள் சில இருந்தாக வேண்டும். மேனி முழுவதும் வெளுக்கும்படி இனம் தேர்ந்தெடுக்கப்படும்போது சில குட்டிகளுக்கு உட்செவியிலும் அந்த அணுக்கள் இல்லாமற் போகின்றன. பிறந்த மூன்று நான்கு வாரங்களில் உட்செவி நலிந்து, கேட்கும் திறன் போய்விடுகிறது. எந்த மருந்தாலும் அது திரும்பாது. ராஜபாளையம் ஊர்க்காரர்கள் இதை அறிவியல் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். முன்பெல்லாம் ஈத்தில் பழுப்போ கறுப்போ கலந்த குட்டி பிறந்தால் அதைக் கழித்துவிடுவார்கள் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வதுண்டு. கேட்கக்கூடிய குட்டியைக் கொன்றுவிட்டுக் கேளாத குட்டியைப் போற்றியிருக்கிறார்கள். (‘தூய’ என்ற அடைமொழியோடு தமிழாசிரியனான எனக்குத் தொழில்முறையிலேயே பழைய தகராறு உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.)

இந்தக் கூத்து நம்முடையது மட்டுமல்ல. டால்மேஷன் நாய்களில் அமெரிக்காவில் செய்த சோதனைகள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பதுக்கு ஒரு செவியோ இரண்டுமோ கேளாது என்று காட்டின. பிறக்கும்போதே பெரிய கறுந்திட்டோடு வரும் டால்மேஷனுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் அந்தத் திட்டுதான் கண்காட்சி விதிகளின்படி குறை!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் வீட்டில் ஏழு குட்டிகள் பிறந்தன. ஏழும் வெள்ளை. ஐந்தாவது வாரத்திலிருந்து சோதனை தொடங்கினார். கைதட்டிப் பார்ப்பது பயனற்றது. காற்றசைவில் குட்டி திரும்பிவிடும். கூட்டமாகத் தூங்கும்போது விசில் ஊதினாலும் பயனில்லை. ஒன்று விழித்தால் அதன் அசைவில் மற்றதும் விழிக்கும். ஒவ்வொன்றாகத் தனியறையில் தூங்கவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும். அதிலும் எங்கள் பகுதியில் ஒரு தொல்லை. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் தரை அதிரும். செவிட்டுக் குட்டியும் தலைதூக்கும். ஆகவே லாரி ஓட்டம் சற்றே ஓயும் விடியற்காலை மூன்று மணியை அவர் தேர்ந்தார். நானும் ஓரிரவு விசில் ஊதியிருக்கிறேன். ஏழில் இரண்டு அசையவேயில்லை.

முன்பணம் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆறு வாரம் கழித்துச் செவி பார்த்த பிறகே பேச்சு; எட்டு வாரத்துக்கு முன் குட்டி தாயைப் பிரியாது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளும் எட்டு வாரத்தையே சொல்கின்றன. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்றும் சொல்கின்றன. அண்ணன் பதிவு செய்திருக்கிறார். ஞாயிற்றுச் சந்தைகளில் கூடைக்குள் கண் திறந்தும் திறவாமலும் கிடக்கும் குட்டிகளைக் கண்டவர்களுக்கு, விதி எழுதியவர் கையும் விற்பவர் கையும் சந்தித்ததே இல்லை என்பது விளங்கும்.

கேட்கும் ஐந்து குட்டிகளுக்கு வீடு தேடியதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கு அண்ணன் நேரில் போவார். மதிற்சுவரின் உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சங்கிலி எங்கே என்று பார்ப்பார். மணலிப் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், கேளாத இரண்டையும் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கட்டிப்போட்டால் போதும், உருவத்தைப் பார்த்தே திருடன் ஓடிவிடுவான் என்பது அவர் கணக்கு. அண்ணன் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு என்னிடம், "காது கேக்காத நாய்க்கு யாராச்சும் பின்னாலேர்ந்து வந்து தொட்டா பயந்து கடிச்சிரும் சார். கடிச்சா அத்த அடிச்சே கொன்னுடுவான். அதுக்கா நான் பால் ஊத்தி வளத்தேன்?" என்றார்.

என்னை உறுத்தும் கேள்வி இன்னொன்று. கேளாக் குட்டி ஈன்ற தாயை இனி இணைசேர்க்க வேண்டாமென விலக்குவது எளிது. அவரும் வேப்பேரியில் அதற்குக் கருத்தடை செய்துவிட்டார். ஆனால் இருப்பதே சிறு கூட்டம். சைதாப்பேட்டையில் அரசு நடத்திவந்த நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவை, அங்கு நிலவிய நிலைமையைக் காட்டித் தொடுத்த வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. நாய்களின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதன் பிறகு சுமையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட முற்றங்களுக்கு வந்துவிட்டது. குறையுள்ளதையெல்லாம் விலக்கினால் மிஞ்சுவது நெருங்கிய உறவுகள். உறவுக்குள் சேர்த்தால் வேறு குறைகள் வரும். விலக்காவிட்டாலோ விடியற்காலை மூன்று மணி விசில்தான்.

வழி ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பழுப்புத் திட்டுள்ள ராஜபாளையத்தையும் ராஜபாளையம் என்று ஏற்பது. சொன்னதும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அப்போ அது ராஜபாளையமா சார்? சிப்பிப்பாறைனு சொல்வாங்க." வெள்ளை அவருக்கு வெறும் நிறமில்லை. இளமையில் சேத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் முதன்முதல் கண்ட நாயின் நினைவு அது. நான் மேற்கொண்டு வாதிடவில்லை. நான்கு மாதம் கழித்து அவரே திருவில்லிபுத்தூர் போய் ஒரு கடுவனைப் பார்த்துவிட்டு வந்தார். கைபேசிப் படத்தில் அதன் இடது செவியும் முதுகும் இளம்பழுப்பு. குணம் நன்று, இடுப்பெலும்பு எக்ஸ்ரேயும் நன்று, பாட்டன் வரை யார் யார் என்று அதன் உரிமையாளர் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாவது பெட்டையின் அடுத்த பருவம் மார்கழியில் வரலாம். இன்னும் முடிவு சொல்லவில்லை.

கேளாத இரண்டும் அங்கேதான் வளர்கின்றன. தரையில் காலைத் தட்டினால் வரும். கைச்சாடை பதினொன்று கற்றிருக்கின்றன. அண்ணனின் பேத்தி அவற்றுக்குப் பன்னிரண்டாவதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.