ஊட்டா ஆயித்தா?

உடுப்பி,
செவ்வாய் இரவு.

அன்புள்ள மச்சான்,

ஏரி கலங்கல் ஓடுகிறதா? இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. முதல் நாள் துவைத்துப் போட்ட வேட்டி இன்னும் ஈரம். கிருஷ்ணர் மடத்தில் ஒன்பது துளை வைத்த வெள்ளி ஜன்னல் வழியாகத்தான் சாமி பார்க்க வேண்டும். நம்ம ஊர்த் தாமோதரப் பெருமாளை நேருக்கு நேர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதவே இல்லை. பின்னால் இருக்கிறவர்கள் வேறு நெருக்குகிறார்கள்.

இன்று காலை தின்ற தோசையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

தேர்வீதியில் ஒரு பழைய ஹோட்டல். கல் மேஜை, மர பெஞ்சு. அறுபதைத் தாண்டிய சப்ளையர் வந்து நின்று, மூச்சு விடாமல் பத்துப் பலகாரம் ஒப்பித்தார். இதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று, மச்சான்! இப்போதெல்லாம் மேஜையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போனில் பிடித்தால்தான் இட்லி வருகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. பசியோடு வந்தவன் முகத்தைப் பார்த்து ஒரு மனுஷன் "என்ன வேணும்" என்று கேட்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் என் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. தட்டின் மேல் சட்னிக் கிண்ணம், டபராவுக்குள் டம்ளர். சிந்திய துணுக்குகளை விரலால் கூட்டித் தட்டில் போட்டேன். கிளீனர் ஒரே கையில் அள்ளிக்கொண்டு போகிற மாதிரி எல்லாவற்றையும் மேஜை ஓரத்துக்கு நகர்த்தினேன். சப்ளையர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஹோட்டலா?" என்றார், தமிழில்.

"பதினாலு வருஷம். மெட்ராஸ்."

அவரும் மெட்ராஸில் இருந்தவர்தான். கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் கார் கதவில் தட்டு மாட்டியவர். 1962-இல் மரத்தடியில் தொடங்கிய அந்த ஹோட்டலை 2008-இல் மூடியதும் ஊர் திரும்பிவிட்டாராம். அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா என்றேன். "மரமெல்லாம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு, அண்ணே" என்றேன்.

உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ் இந்த ஊர் மடத்துச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தவர். மெட்ராஸுக்கு வந்து, 1938-இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவை வாடகைக்குப் பிடித்து முதல் உட்லண்ட்ஸைத் திறந்தார். மதியம் மடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இலைக்காரன் கேட்பதற்கு முன்னால் சாறு வந்தது. மெட்ராஸ் ஹோட்டலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பந்தி விசாரணை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

நீ தறிக்குழியில் இறங்கின வருஷம் நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அடுப்படி முழுக்கத் துளுவும் கன்னடமும். "பேக, பேக" என்று விரட்டுவார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் விழிப்பேன். ஒரு நாள் நாலு கண்ணாடி டம்ளர் உடைந்தது. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அன்று ராத்திரி இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டு அழுதேன். தோசை மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஊட்டா ஆயித்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த முதல் கன்னடம் அதுதான். மறுநாளிலிருந்து மாவு வார்த்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார்.

கோர்வைச் சேலையில் கரைப் பக்கம் நாடா வாங்க ஆள் இல்லாவிட்டால் உன் கை நின்றுபோகும் என்பாயே, அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே அப்படித்தான். அந்த மாஸ்டர் இல்லாவிட்டால் நான் ஒரு மாசத்தில் பஸ் ஏறி தாமலுக்கு ஓடி வந்திருப்பேன்.

மச்சான், ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன மாசம் ஹைவே ஹோட்டலில் மேஜை துடைக்க வந்த ஒடிசாப் பையனை, தமிழ் தெரியாதவனையெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டாய். நானும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். காலையிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன். வந்ததும் அவனிடம் போய், "சாப்பிட்டியா" என்பதற்கு அவன் பாஷையில் என்ன வார்த்தை என்று கேட்கப் போகிறேன். தறியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு நீயும் வா.

அன்புடன்,
உன் மச்சான்